அந்த ‘மறு அறிவிப்பு’ எப்போது வரும்?

அருவிக்குப் போகிற பாதையில் கேட் போடவும் அதைப் பூட்டவும் அதிகாரம் உள்ள அலுவலர்களுக்கு,

உங்கள் பலகையில் இருக்கிற வாசகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘மறு அறிவிப்பு வரும் வரை அருவியில் குளிக்கத் தடை.’ அடியில் ஒரு பதவிப் பெயர். தேதி இல்லை. எதற்காகத் தடை என்று ஒரு வார்த்தை இல்லை. வெயிலில் நீல எழுத்து வெளிறி, ‘மறு’ என்பதில் றகரத்தின் பாதியைக் காணோம். ஒரு பலகை அவ்வளவு வெளிற எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அருவி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தச் சாவடியில் நிற்கிற பையன் தலையில்தான் விடியும். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பலகையை நட்டவர்களுக்கு எந்த அருவி என்று தெரியும்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. தபால் ஆபீஸ் கவுண்டரில் 34 வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். மனு எப்படிப் போகும், எந்த மேசையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் ஓரளவு தெரியும். அதனால் முதலில் முறைப்படிதான் எழுதினேன். ஆகஸ்ட் கடைசியில், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் இல்லையா, அதற்குக் கொஞ்சம் முன்னால். ‘கடைசிப் பதிவுத் தபாலே உங்களோடதுதான் போல இருக்குக்கா’ என்று கவுண்டரில் இருந்த பிள்ளை சிரித்தாள். அட்டை கையெழுத்தோடும் சீலோடும் திரும்பி வந்துவிட்டது. பதில் வரவில்லை. சரி, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதினால்தான் ஆகும் போலிருக்கிறது என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தாவின் அண்ணன், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒருத்தராவது போகாத வீடு குறைவு. அவர் பேத்தி எனக்கு அக்கா முறை. 71 வயது. கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தே காலம் தள்ளியவள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று ரெண்டு அரசாங்கமும் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் வந்த பிறகு அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் அப்பா மட்டும் வர மறுத்துவிட்டார். அப்புறம் கடிதப் போக்குவரத்து நின்று, வெகுகாலம் கழித்து அவள் மகள் வாட்ஸ்அப்பில் எங்களைக் கண்டுபிடித்தாள். போன தை மாதம் நானும் என் மகளும் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறி, அங்கிருந்து மலைக்குப் போனோம்.

அந்தத் தீவில் அருவிக்குப் பஞ்சம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பினால் ஒன்று தெரிகிறது. அக்கா வீட்டுக்குப் பக்கம் தியலும. 220 மீட்டர் உயரம். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய போகிற பெரிய ரோட்டில் நின்று அண்ணாந்தாலே போதும். இந்தப் பக்கம் ஹல்துமுல்லையைத் தாண்டிப் போனால் பம்பரகந்த, 263 மீட்டர், அந்த நாட்டிலேயே உயரமானது. நாங்கள் போன அன்று காற்று தண்ணீரைக் கீழே வரவிடாமல் பாதியிலேயே புகையாக்கிக்கொண்டிருந்தது. பதுளைக்கு அருகே துன்ஹிந்த. அதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், என் முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை. ‘எல்ல’ என்றால் சிங்களத்தில் அருவியாம். அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்று தம்பபண்ணி. பாபநாசத்தில் மலையிறங்கி எங்கள் வயலுக்கெல்லாம் பாய்ந்து புன்னைக்காயலில் கடலோடு சேர்கிற எங்கள் தாமிரபரணியின் பெயரும் அதுவும் ஒன்றுதான். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைப் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது ‘அப்ப நாங்க ஊர் மாறவே இல்லியே’ என்றாள்.

தலவாக்கலைப் பக்கம் இருக்கிற சென் கிளேயர் அருவியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் அந்த ஆற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. 2012-இல் ஓடத் தொடங்கிய திட்டம். அருவி செத்துப்போகும் என்று ஜனங்கள் எதிர்ப்புக் கிளப்பியதில், பகலில் பத்தரை மணி நேரம் அருவிக்குத் தண்ணீர் விடுவது என்று ஒரு சமரசம் ஆனது. அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு பேச்சு. ஆனால் இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு இருந்தால் ‘ஏன் குறைந்தது’ என்று கேட்டுச் சண்டையாவது போடலாம். தேதியே இல்லாத பலகையோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்?

அந்த ஊரை உசத்திக் காட்ட இதை எழுதவில்லை. அங்கேயும் பாறையில் வழுக்கிச் சாகிறார்கள். அங்கேயும் பிளாஸ்டிக் கிடக்கிறது. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியதே, அந்த மண்ணை அக்கா எனக்குக் கை காட்டினாள். மழை வலுத்தால் இன்றும் அவள் வீட்டில் யாரும் படுப்பதில்லை. ஆபத்து என்று சொல்லி ஒரு இடத்தை மூடினால் அதைப் புரிந்துகொள்ளத் தெரியாத ஜனங்கள் இல்லை அவர்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே அருவி பெரும்பாலும் பார்ப்பதற்கு. குளிப்பது தோட்டத்துப் பீலியில். ஊற்றிலிருந்து தகரமோ குழாயோ வைத்துத் தண்ணீரை வழித்துவிட்டிருப்பார்கள், அதுதான் பீலி. எங்கள் சீமையில் அருவி என்றால் குளிப்பதற்கு. தலையைக் கொடுத்து நிற்க வேண்டும், முதுகில் அறைய வேண்டும், காது அடைக்க வேண்டும், வெளியே வந்தால் அகோரமாய்ப் பசிக்க வேண்டும். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்ததைக் ‘குத்தாலம் போயிட்டு வந்தேன்’ என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ‘பார்வையிட மட்டும் அனுமதி’ என்று நீங்கள் எழுதிவைப்பது, பந்தியில் உட்காரவைத்து இலையை மட்டும் போடுகிற கதை.

அக்காவின் தாத்தா சாகிற வரைக்கும் இந்த அருவிகளைப் பற்றித்தான் பேசுவாராம். அதில் ஒரு தடவை நின்றுவிட்டு வந்தால் போதும் என்று அக்காவுக்கு ஆசை. அதற்காகத்தான் இந்த ஆடிக் கடைசியில் அவளும் மகளும் பேரனுமாக வந்தார்கள்.

விடியக்காலை ஐந்தரைக்கு வேன். தூக்குவாளியில் புளியோதரை, எள்ளுத் துவையல், அக்காவுக்கு மட்டும் ஃபிளாஸ்க்கில் சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர். முதல் நாளே விசாரித்தோம். எங்கே விசாரிப்பது? உங்கள் அலுவலக நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீக்கடையில் கேட்டால் ‘திறந்திருக்கும்’ என்றார் ஒருத்தர், ‘மூடியாச்சே’ என்றார் இன்னொருத்தர். போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

சாவடியில் வண்டிக்குக் காசு, ஆளுக்குக் காசு. பைகளைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது நல்ல காரியம், குறை இல்லை. ரசீது கொடுத்தார்கள். குளிக்கலாமா என்று கேட்டதற்கு அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை, ‘மேல போங்கம்மா’ என்று கையைக் காட்டினான். மேலே ஏறி, வண்டியை நிறுத்தி, அக்காவைக் கைத்தாங்கலாய் இறக்கி, படி முடிகிற இடத்துக்குப் போனால் அங்கே நிற்கிறது அந்தப் பலகை. அதற்குப் பின்னால் சங்கிலி. சங்கிலிக்குப் பின்னால் அருவி. வெள்ளம் என்றால் புரியும். அன்று விழுந்த தண்ணீர் பெண்பிள்ளைகள் பின்னல் மாதிரி, ரெண்டு மூணு சடையாய், அவ்வளவுதான். பாறையெல்லாம் தெரிகிறது.

காவலுக்கு நின்ற தம்பியிடம் கேட்டேன். ‘மேல சொல்லியிருக்காங்கக்கா.’ எப்போது திறப்பார்கள்? ‘தெரியாதுக்கா.’ எதுக்கு மூடியிருக்கு? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ‘கம்பி உடைஞ்சிருக்குன்னாங்க, அப்புறம் யானை வந்துச்சின்னாங்க, எனக்கும் சரியாத் தெரியலக்கா’ என்றான். வாசலில் நிற்கிறவனுக்கே காரணம் தெரியாத ஒரு தடையை ஊர்க்காரர்கள் எப்படி மதிப்பார்கள்? நாங்கள் நிற்கும்போதே நாலு பையன்கள் சங்கிலிக்குப் பக்கவாட்டில் பாறை வழியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். காரணம் சொல்லியிருந்தால் அந்த நாலில் ரெண்டு பேராவது யோசித்திருப்பான். அந்தத் தம்பி விசில் அடித்து அலுத்துப் போயிருந்தான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலி வரைக்கும் போய், எட்டித் தெறித்த சாரலைக் கையில் பிடித்துத் தலையில் தடவிக்கொண்டாள். ரசீது இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அதில் ‘குளிக்க இயலாது’ என்று எங்கேயும் அச்சடிக்கவில்லை.

வந்ததுக்கு இன்னொரு அருவிக்காவது போவோம் என்று வண்டியைத் திருப்பினோம். ஒன்றை மூடினால் அந்தக் கூட்டம் வீட்டுக்கா போகும்? எல்லாரும் எங்களைப் போலவே திருப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐம்பது பேர் நிற்கிற இடத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. நெரிசலில் பேரன் காலை ஊன்றிய இடத்தில் பாட்டில் துண்டு. பெருவிரலுக்குக் கீழே நன்றாகக் கிழித்துவிட்டது. முதலுதவி என்று எழுதிய பெட்டி ஒன்று சுவரில் இருந்தது, உள்ளே ஒரு காலண்டரும் ரெண்டு சாவியும் இருந்தன. வேன் டிரைவர் வேட்டியைக் கிழித்துக் கட்டினார்.

அக்கா குளித்தாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ரெண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொள்ள, கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்து, மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ நின்றாள். வெளியே வரும்போது பல் தந்தியடித்தது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனோம். பூட்டியிருந்தது. துரு ஏறிய பூட்டு, இன்று நேற்று பூட்டியது இல்லை. சாவி டிக்கெட் கொடுக்கிறவரிடம் என்றார்கள். அவர் காண்டிராக்ட் எடுத்தவரிடம் என்றார். காண்டிராக்ட் எடுத்தவர் அம்பாசமுத்திரம் போயிருக்கிறாராம். பக்கத்தில் கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. இருபதடி தள்ளி அருவி கொட்டுகிற சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை, கழிப்பறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியில் என் மாற்றுச் சேலையை விரித்து நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். காற்று தூக்கத் தூக்க, மேல் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் அக்காவின் ஈர ஜாக்கெட் ஊக்கைக் கழற்றினேன். நனைந்த துணியில் ஊக்கு லேசில் வராது. ரெண்டு தடவை விரலில் குத்தியது. எதிர்ப் பாறையில் ஒருத்தன் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். அருவியைத்தான் படம் எடுத்தான் என்று நம்பிக்கொள்கிறேன். சேலைக்குள்ளேயிருந்து அக்கா மெதுவாகச் சொன்னாள்: ‘லயத்துப் பீலிக்கரையிலகூட நாலு தகரம் அடிச்சு வச்சிருக்கோம்மா.’

எனக்கு அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உயிர் முக்கியம் அம்மா என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சீசனே இல்லை, கோடை மழை. மேலே மலையில் பெய்தது கீழே குளித்தவர்களுக்குத் தெரியாது. ஒரு நிமிஷத்தில் வெள்ளம் வந்து, படியில் ஜனங்கள் விழுந்தடித்து ஓடுகிற வீடியோவை எல்லாரும் பார்த்தோம். திருநெல்வேலியிலிருந்து போன 17 வயதுப் பையன் வீடு திரும்பவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, மலைப்பாதைகள் பெயர்ந்தன. அப்போது எல்லாவற்றையும் மூடினீர்கள், ஒருத்தரும் முனகவில்லை.

அப்படியானால் அந்த மே மாதத்துச் சாவிலிருந்து நாம் எதைப் படித்திருக்க வேண்டும்? மேலே மழை பெய்தால் கீழே நிற்கிறவனுக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்பதை. அதற்கான ஏற்பாடு எதையும் நான் போன ரெண்டு இடத்திலும் பார்க்கவில்லை. ஒன்றில் பூட்டு இருந்தது. இன்னொன்றில் பூட்டு இல்லை, அந்தக் கூட்டத்துக்கு ரெண்டே ரெண்டு காவலர். வெள்ளம் வந்திருந்தால் அங்கே எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மூடிய அருவியில் யாரும் சாகவில்லை என்று நீங்கள் கணக்குக் காட்டலாம். பக்கத்து அருவியில் நெரிந்த கூட்டம் அந்தக் கணக்கில் வருமா?

எங்கள் பெரியவர்களுக்கு இது கைவந்த விஷயம். தண்ணீர் நிறம் மாறினால், சருகும் சுள்ளியும் சேர்ந்தாற்போல் வந்தால், இரைச்சல் கனத்தால், துண்டைக்கூட எடுக்காமல் ஏறிவிடு என்பார் என் அப்பா. வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. அவருக்குச் சொல்வதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. குற்றாலம் பேரருவியைப் பாருங்கள். (2019-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது, ஆனாலும் எங்கள் வாயில் அது இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.) அங்கே அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற வளைவை, ஆர்ச்சை, தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை. ஆர்ச்சுக்கு உள்ளே வந்தால் திறப்பு. காலையில் மூடிச் சாயங்காலம் திறந்த நாள் எத்தனையோ உண்டு. பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறுகிறவனுக்கே ‘ஆர்ச்சைத் தாண்டி விழுதாம்’ என்று தெரிந்துவிடும். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்கிற ஒரு அளவுகோல் இருப்பதால் அங்கே தடை என்றால் யாரும் முறைப்பதில்லை.

இன்னொன்று. தினமும் காலையில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று நாலு இடத்து மழையளவும் மில்லிமீட்டர் கணக்கில் வருகிறது. பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை, சேர்வலாறு 156-இல் எத்தனை, மணிமுத்தாறு 118-இல் எத்தனை என்று வருகிறது. பேப்பரில் வருகிறது, போனில் வருகிறது. எங்கள் தெரு டீக்கடையில் அதைப் படித்துவிட்டுத்தான் மற்ற செய்திக்கே போவார்கள். யானை மிதித்துப் போகிற காட்டு உச்சியில் பெய்த மழையை மில்லிமீட்டர் பிசகாமல் சொல்ல முடிகிற அரசாங்கத்துக்கு, ரோட்டோரம் இருக்கிற அருவி இன்று திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அதே தாளில் ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்?

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கவில்லை. பேரன் காலைக் கிழித்த பாட்டிலை அதிகாரி யாரும் கொண்டுவந்து உடைக்கவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம்தான். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று கோர்ட்டே சொன்ன பிறகும் மஞ்சள் பையில் ஒளித்துக் கொண்டுபோகிற பெண்களை எனக்கே தெரியும், என் சொந்தத்திலேயே ஒருத்தி உண்டு. அதற்கு அபராதம் போடுங்கள், கடுமையாகவே போடுங்கள். புலிகள் காப்பகம் என்கிறீர்கள். இந்த மலை 1988-இலிருந்து காப்பகம், அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போனது எங்கள் தலைமுறையோடு போயிற்று, என் மகள் அதில் போனதில்லை. காடு வாழ வேண்டும் என்றால் அப்படிச் சில இடங்களை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ‘இந்த அருவி இனி மக்களுக்கு இல்லை, இன்ன காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் வருத்தப்படுவேன், சண்டைக்கு வரமாட்டேன். மூடியதும் இல்லாமல் திறந்ததும் இல்லாமல், காசு மட்டும் வாங்கிக்கொண்டு, ‘மறு அறிவிப்பு’ என்று தொங்கவிட்டிருக்கிறீர்களே, அதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தபால் ஆபீஸில் ஒரு கடிதத்தைப் பட்டுவாடா பண்ண முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று உறைமேல் எழுதித்தான் திருப்ப வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’, ‘முகவரி தவறு’, ஏதோ ஒன்று. காரணம் எழுதாமல் ஒரு கவரை நான் மேசையில் வைத்திருந்தால் அன்றைக்கே மெமோ வந்திருக்கும்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பலகையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். என்றைக்கு மூடியது, எதற்காக, அடுத்து என்றைக்கு நேரில் பார்த்து முடிவு செய்வீர்கள், விவரம் கேட்க எந்த நம்பர் — இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். அந்த நம்பரை யாராவது எடுக்க வேண்டும். தடை வாரக்கணக்கில் நீண்டால், வாரம் ஒரு முறை தேதியை மாற்றுங்கள்.

திறப்பா மூடலா என்பதை அணை நீர்மட்டம் வருகிற அதே அறிவிப்பில் தினமும் காலையில் சேருங்கள். பலகை மலை மேல் வேண்டாம், அடிவாரத்தில், காசு வாங்குகிற இடத்துக்கு முன்னால் நிற்கட்டும். குளிக்கத் தடை இருக்கிற நாளில் ரசீதிலேயே அதை அச்சடியுங்கள், அல்லது காசு வாங்காதீர்கள்.

மேலே தண்ணீரைப் பார்க்க ஆள் போடுங்கள், கீழே அபாயச் சங்கு வையுங்கள். வெளியிலிருந்து கூட்டிவர வேண்டாம். காரையாற்றுப் பக்கத்து மலைவாசிகளான காணிக்காரர்களைவிட, தலைமுறையாய் அடிவாரத்தில் இருக்கிறவர்களைவிட, இந்த மலைத் தண்ணீரை அறிந்தவர்கள் யார்? சம்பளம் கொடுத்து அவர்களை வையுங்கள். அருவியைத் திறந்து வைப்பதற்கு அதுதான் நிபந்தனை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் உடை மாற்றும் அறையின் சாவி காண்டிராக்டர் பையில் இருக்கக் கூடாது. ஒரு பெண் பணியாளர், காலையிலிருந்து சாயங்காலம் வரை, அறை வாசலில். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர். முதலுதவிப் பெட்டியில் காலண்டருக்குப் பதிலாகப் பஞ்சும் கட்டுத்துணியும். இதையெல்லாம் ஒரு அம்மா திறந்த மடலில் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

என் பதிவுத் தபாலுக்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும். ஒப்புகை அட்டையை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது ஐப்பசி. அடைமழை இறங்கினால் மூடத்தான் வேண்டும், மூடுங்கள், நானே தெருவில் நாலு பேரிடம் சொல்லி நிறுத்துகிறேன். அக்கா தை மாதம் மறுபடியும் வருகிறாள். பேரனுக்குக் கால் ஆறிவிட்டது, அவனும் வருகிறானாம். அதற்குள் அந்தப் பலகையில் ஒரு தேதியை எழுதிவையுங்கள். பெயிண்டுக்கும் பிரஷ்ஷுக்கும் ஒதுக்கீடு இல்லையென்றால் ஒரு போன் போடுங்கள், அம்பாசமுத்திரத்தில் வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு தபால் ஊழியர்